ஆவாரையும் அளவுகோலும்

சீனி என்ற சொல்லுக்குக் கந்தளாயிலே இரு பொருள் உண்டு. ஒன்று, செக்கோசிலோவாக்கிய நாட்டின் உதவியுடன் 1960ஆம் ஆண்டளவில் அங்கு எழுந்த சீனித் தொழிற்சாலையையும் அதனைச் சூழ்ந்து விரிந்த கரும்புத் தோட்டங்களையும் நினைவூட்டுவது. மற்றது, எங்கள் மக்கள் ‘சீனி வருத்தம்’ என்று வழங்கும் நீரிழிவு நோயைச் சுட்டுவது. முதலாவது 1990களின் முற்பகுதியிலே மூடப்பட்டுவிட்டது. இரண்டாவதோ ஆண்டுக்காண்டு வளர்ந்து வருகின்றது. தொழிற்சாலைச் சீனிக்கும் நோய்ச் சீனிக்குமிடையே நேரான காரண காரியத் தொடர்பு இருப்பதாக நான் கூற வரவில்லை. ஆயினும், ஆலை நின்ற பின்னரும் சீனியைப் பற்றிய பேச்சு எங்கள் ஊரில் ஓயவில்லை. முன்பு எத்தனை தொன் கரும்பு பிழியப்பட்டது என்று பேசிய திண்ணைகளில் இன்று ‘எனக்கு நூற்றெண்பது, உங்களுக்கு எத்தனை?’ என்ற விசாரிப்பே கேட்கின்றது.

இஃது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய நிலையன்று. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இருபது வயதைக் கடந்தோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. போர்ச் சூழல் காரணமாக வடக்கும் கிழக்கும் அன்று அக்கணக்கில் அடங்கவில்லை. பின்னர் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் நடைபெற்ற மற்றோர் ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 வீதத்தினரை நீரிழிவாளர் என மதிப்பிட்டது. இரண்டு ஆய்வுகளும் ஒரே முறையில் அமைந்தவை அல்லவாதலால் இவ்விரு எண்களையும் அப்படியே ஒப்பிட்டு முடிவு கூறுதல் பொருந்தாது. ஆனால் நோய் செல்லும் திசை எதுவென்பதில் ஐயத்துக்கு இடமில்லை. நான்கு பேர் கூடியிருக்கும் திண்ணையில் ஒருவர் நீரிழிவாளராக இருக்கக்கூடிய நாட்டிலே நாம் வாழ்கின்றோம்.

நோய் பெருகிய ஊரில் மருந்தும் பெருகுவது இயல்பு. கந்தளாய்க் குளத்து அணைக்கட்டின் வழியே நடந்து செல்பவர் அரைமணி நேரத்திலே நீரிழிவுக்குப் பெயர்பெற்ற மூலிகைகளிற் பாதியைக் கண்டுவிடலாம். வறண்ட பற்றைகளிலே மஞ்சட் பூவுடன் ஆவாரை நிற்கும். வேலிகளிலே கோவைக் கொடி படர்ந்திருக்கும். வீட்டுத் தோட்டங்களிலே பாகற் பந்தல் இருக்கும். நீரோரங்களில் நாவல் மரம் நிழல் பரப்பும். குடியேற்றத் திட்டத்தினால் மூவினத்தவரும் அயலவராக வாழும் ஊராதலின், மூன்று மருத்துவ மரபுகளும் அங்கே வேலி கடந்து உறவாடுகின்றன. தமிழ்ப் பரியாரியாரின் ஆவாரைக் குடிநீர் சிங்கள வீட்டிலே கொதிக்கும். அங்கு அதன் பெயர் ரணவரா. சிங்கள வைத்தியரின் கொத்தலா ஹிம்புட்டு மரக்குவளை தமிழ் வீட்டுக் குசினியிலே இருக்கும். யூனானி மரபு போற்றும் கருஞ்சீரகமும் வெந்தயமும் முஸ்லிம் வீடுகளிலிருந்து எல்லா வீடுகளுக்கும் சென்றடையும். மனிதர் பிரிந்து நின்ற கொடிய காலங்களிலும் மூலிகைகள் பிரிந்து நிற்கவில்லை என்பதை நான் மகிழ்ச்சியோடு பதிவு செய்ய விரும்புகின்றேன்.

இம்மூலிகைகளை நாம் எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. கற்றவரிடையே இதற்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. ‘எம் முன்னோர் அறியாதது எதுவுமில்லை, ஆவாரை பூத்த ஊரிலே சாவு ஏது என்று பழமொழியே கேட்கவில்லையா?’ என்பது ஒரு விடை. ‘இவை யாவும் படியாதவரின் நம்பிக்கை, மாத்திரையே மருந்து’ என்பது மற்றொரு விடை. முன்னதிலே பெருமிதம் உண்டு. பின்னதிலே இளக்காரம் உண்டு. இரண்டிலும் இல்லாதது ஒன்றே: செடியை எடுத்து ஆராய்ந்து பார்க்கும் பொறுமை.

முன்னோருக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடுவோம். மேற்குலகில் 17ஆம் நூற்றாண்டில் தோமசு வில்லிசு என்ற ஆங்கில மருத்துவர் நீரிழிவாளரின் சிறுநீர் இனிக்கும் என்று எழுதுவதற்கு நெடுங்காலம் முன்னரே, இந்திய மருத்துவ நூலார் அந்நோய்க்கு ‘மதுமேகம்’ எனப் பெயரிட்டுவிட்டனர். மது என்றால் தேன். சிறுநீரை எறும்பு மொய்ப்பதை அவர்கள் கண்டிருந்தனர். சித்த மருத்துவமும் மேக நோய்களை இருபது வகையாகப் பகுத்து ஆராய்ந்தது. யாழ்ப்பாண மன்னர் காலத்து மரபில் வந்த செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய நூல்கள் ஈழத்துப் பரியாரியாரின் கைகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்தவை. கருவிகள் எவையுமில்லாத காலத்திலே, கண்ணையும் நாவையும் எறும்பையும் கொண்டு இவ்வளவு கண்டவர்களின் அவதானத்தை வியவாதிருக்க முடியாது.

ஆனால் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு நோய் உண்டா இல்லையா என்று கூறலாமேயன்றி, குடிநீரால் நோய் எவ்வளவு குறைந்தது என்று கூற இயலாது. தாகம் குறைந்ததா, இரவிலே எழுந்திருப்பது குறைந்ததா என்று நோயாளியைக் கேட்டறிவதே அன்றைய அளவுகோல். நீரிழிவின் கொடுமை அதன் மௌனத்திலே இருக்கின்றது. குருதியிலே குளுக்கோசு இருநூறைத் தாண்டி நிற்கும்போதும் நோயாளி தம்மைச் சுகதேகியாகவே உணர்வார். அந்த மௌனத்திலேயே கண்ணின் விழித்திரையும், சிறுநீரகமும், காலின் நரம்பும் சிறுகச் சிறுகக் கெடுகின்றன. எனவே ‘குடித்தேன், சுகமாக இருக்கின்றது’ என்ற சான்று, வேறு நோய்களுக்கு எவ்வளவு பயன்படினும், இந்நோய்க்குப் போதாது.

இளக்காரம் செய்வோருக்கும் வரலாறு ஒரு விடை வைத்திருக்கின்றது. இன்று இரண்டாம் வகை நீரிழிவுக்கு உலகெங்கும் மிகுதியாக வழங்கப்படும் குளிசை மெற்போமின். இதன் பிறப்பு ஆய்வுகூடத்திலே தொடங்கவில்லை. ஐரோப்பிய நாட்டுப்புற மருத்துவத்தில் வழங்கிய கலேகா என்ற செடியிலிருந்தே அதன் வரலாறு தொடங்குகின்றது. அச்செடியை மிகுதியாக மேய்ந்த ஆடுகள் மடிந்தன. நஞ்சுச் செடி என்றே அது பேரெடுத்தது. அதிலுள்ள கலெகின் என்ற பொருளும் அதற்கு உறவான குவானிடின் என்ற சேர்வையும் குருதிச் சீனியைக் குறைப்பதை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஆய்வாளர் கண்டனர். ஆனால் அவை மருந்தாக வழங்க இயலாதபடி நச்சுத்தன்மை வாய்ந்தவை. அவற்றோடு ஒத்த அமைப்புடைய மெற்போமின் 1922இல் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது. 1957இல் பிரெஞ்சு மருத்துவர் சான் ஸ்ரேர்ன் அதனை நீரிழிவாளருக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். 1998இல் வெளியான பிரித்தானியாவின் பெரும் ஆய்வே, அக்குளிசை உடற்பருமன் மிக்க நீரிழிவாளரின் மாரடைப்பையும் மரணத்தையும் குறைக்கின்றது என்பதை நிலைநாட்டியது. நாட்டு மருந்தை ஏளனம் செய்து மெற்போமினைப் போற்றுபவர், தாம் போற்றுவதும் ஒரு நாட்டுச் செடியின் வழித்தோன்றலே என்பதை அறிதல் வேண்டும். அதேவேளை, செடிக்கும் குளிசைக்கும் இடையே எவ்வளவு ஆண்டுகால உழைப்பு இருந்தது என்பதை மறுசாரார் அறிதல் வேண்டும்.

எங்கள் வீட்டு முற்றங்களிலே பூக்கும் பட்டிப்பூ இன்னுமொரு பாடத்தைத் தருகின்றது. தமிழ்நாட்டிலே நித்தியகல்யாணி எனப்படும் இச்செடி பல நாடுகளில் நீரிழிவுக்கு மருந்தென வழங்கியது. 1950களிலே கனடா நாட்டில் றொபேட் நோபிளும் அவரது கூட்டாளிகளும் அப்புகழ் உண்மையா என்று ஆராயப் புகுந்தனர். ஆய்வு எலிகளின் குருதிச் சீனி எதிர்பார்த்தவாறு குறையவில்லை. மாறாக வெண்குழியங்கள் பெருமளவு குறைந்தன. சீனிக்கு ஏதும் செய்யாதென்று செடியை எறிந்துவிடாமல், வெண்குழியம் ஏன் குறைந்தது என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வியின் பயனாக வின்பிளாசுரின் என்ற மருந்து கிடைத்தது. அதே செடியிலிருந்து பின்னர் கிடைத்த வின்கிறிசுரின், குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையிலே இன்றும் இடம்பெறுகின்றது. நீரிழிவுக்கென்று அதன் சாற்றைக் குடித்தவர்கள் உண்மையிலே எதனைக் குடித்தார்கள் என்று எண்ணும்போது உடல் சிலிர்க்கின்றது. செடியிலே வீரியம் உண்டு என்ற நம்பிக்கை பொய்யாகவில்லை. எந்த வீரியம் என்பதிலேதான் மரபு தவறியது.

இனி எமது நாட்டிலே நடந்தவற்றை நோக்குவோம். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கருணாநாயக்க, வெலிஹிந்த முதலான உயிரிரசாயன ஆய்வாளர்கள் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இலங்கையிலே நீரிழிவுக்கு வழங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட தாவரங்களை முதலிற் பட்டியலிட்டு, அவற்றுட் சிலவற்றை எலிகளில் ஆராய்ந்து, கொத்தலா ஹிம்புட்டின் குடிநீரும் பாகற்காய்ச் சாறும் குருதிச் சீனியைக் கணிசமாகக் குறைப்பதைக் காட்டினர். 1986இல் அதே குழுவினர் பாகற்சாற்றை நீரிழிவாளருக்கே கொடுத்துப் பார்த்தனர். 73 வீதத்தினரில் நற்பயன் தெரிந்தது. எஞ்சிய 27 வீதத்தினரில் எதுவுந் தெரியவில்லை. பயன் கிட்டாதவரையும் மறையாது எழுதிய அந்நேர்மையே எனக்கு அக்கட்டுரையிலே மிகவும் பிடித்த பகுதி. ஆனால் பங்குபற்றியவர்கள் மிகச் சிலர். பின்னர் உலகெங்கும் நடந்த பாகல் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்கிரேன் குழுவின் மதிப்பீடு, 2012ஆம் ஆண்டிலும், பாகலை நீரிழிவு மருந்தாகப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றே முடிந்தது.

கொத்தலா ஹிம்புட்டின் கதை இன்னும் நீண்டது. இது காட்டிலே படரும் ஒரு வன்கொடி. தமிழ் மருத்துவர் பொன்கொறண்டி என்று கூறுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இதன் கட்டையைக் குடைந்து குவளையாக்கி, இரவிலே நீர் ஊற்றி வைத்துக் காலையில் அருந்துவது சிங்கள மக்களின் வழக்கம். 1997இல் யப்பானின் கியோத்தோ நகரிலே யொசிகாவா என்ற பேராசிரியரின் குழு இக்கட்டையிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. நாம் உண்ணும் சோற்றின் மாப்பொருள், சிறுகுடலிலுள்ள நொதியங்களால் குளுக்கோசாக உடைக்கப்பட்ட பின்னரே குருதியிற் சேர்கின்றது. அந்நொதியங்களின் வேலையைச் சலசினோல் மந்தப்படுத்துகின்றது. உணவுக்குப் பின் குருதியிலே சீனி திடீரென ஏறாது மெல்ல ஏறுகின்றது. மூன்று வேளையும் சோறுண்ணும் நாட்டிலே இத்தகைய கொடியொன்று மருந்தாக நிலைத்தமைக்கு இதனிலும் பொருத்தமான விளக்கம் தேவையில்லை. 2005இல் இலங்கை மருத்துவர்கள் இக்கொடியைக் கொண்டு செய்த தேயிலையையும் வெறுந் தேயிலையையும் 51 நோயாளருக்கு மாறி மாறிக் கொடுத்து, எவருக்கு எப்பொழுது எது கிடைக்கின்றது என்பதை இருசாராரும் அறியாதவாறு ஆராய்ந்தனர். மூலிகைத் தேயிலை அருந்திய மாதங்களில் நோயாளரின் மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் அளவு சற்றுக் குறைந்திருந்தது. ‘சற்று’ என்ற சொல்லை வாசகர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பயன் உண்மையானது, ஆனால் சிறியது.

வேலிக் கோவையும் இன்று ஆய்வுக்கு வந்துவிட்டது. 2011இல் வெளியான ஓர் ஆய்விலே, தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்த 20 கிராம் கோவையிலையை உணவோடு உண்ட சுகதேகிகளின் குருதிச் சீனி, உண்ணாதவரினதிலும் குறைவாக ஏறியது. காலியிலுள்ள உறுகுணைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் கோவையிலைச் சாற்றை உலர்த்திக் கூடுகளில் அடைத்து, புதிதாக நோய் கண்ட 158 பேரிடையே மூன்று மாதம் போலி மருந்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, நம்பிக்கை தரும் முடிவினை 2021இல் வெளியிட்டனர். ஏழை வீட்டுக் கீரையொன்று, பாட்டியின் சொல்லிலிருந்து எலிக்கும், எலியிலிருந்து சுகதேகிக்கும், சுகதேகியிலிருந்து நோயாளிக்கும் படிப்படியாக ஏறிவந்த இப்பாதையே மூலிகை ஆய்வின் அரச பாதை எனலாம்.

எல்லாச் செடிகளும் இப்பாதையிலே தேறுவதில்லை. நாவலின் புகழ் உலகறிந்தது. பிறேசில் நாட்டிலும் நாவலிலைத் தேநீரை நீரிழிவாளர் பெரிதும் அருந்தினர். அந்நாட்டு ஆய்வாளரே 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அதனை முறைப்படி ஆராய்ந்து, சீனி குறையவில்லை என்று வெளியிட்டனர். நாவலின் இலை தோற்றதனால் கொட்டையும் தோற்றதெனக் கொள்ளல் ஆகாது. ஆனால் புகழ் மட்டும் சான்றாகாது என்பதற்கு இது போதும்.

இன்னுமொரு சிக்கல் பெயரிலே இருக்கின்றது. குறிஞ்சா என்ற ஒரே பெயரால் எங்கள் மக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகளை அழைக்கின்றனர். இனிப்புச் சுவையை நாவிலிருந்து சிறிது நேரம் மறைத்துவிடும் சிறுகுறிஞ்சா ஒன்று. கறிக்காக ஆயும் குறிஞ்சா வேறொன்று. சிறுகுறிஞ்சாவிலுள்ள அமிலத்தை 1887இல் உதகமண்டலத்திலிருந்த டேவிட் ஊப்பர் பிரித்தறிந்தார். 1990இல் சென்னை ஆய்வாளர்கள் அதன் இலைச்சாற்றை நீரிழிவாளருக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டனர். அக்கட்டுரையை நம்பிச் சந்தையிலே குறிஞ்சா வாங்குபவர், அதே கொடியைத்தான் வாங்குகின்றார் என்பதற்கு என்ன உறுதி? கொடி ஒன்றாகவே இருப்பினும் மண்ணும் பருவமும் உலர்த்தும் முறையும் அதன் வீரியத்தை மாற்றும். கைப்பிடி என்பது ஒவ்வொருவர் கைக்கும் வேறுபடும். போதாக்குறைக்கு, ‘மூலிகை’ என்ற பெயரில் விற்கப்படும் பொடிகள் சிலவற்றிலே கிளிபென்கிளமைட்டு என்ற இரசாயன மருந்தே கலந்திருந்தமை பல நாடுகளிலே கண்டறியப்பட்டுள்ளது. அப்பொடி உடனே வேலை செய்வதைக் கண்டு மக்கள் மூலிகையைப் புகழ்ந்தார்கள்.

இவ்வளவும் ஏட்டு விடயங்கள். இவற்றின் கனம் எத்தகையது என்பதை நான் அறிந்தது என் பெரியம்மாவினாலாகும். குளக்கட்டு உடைந்து ஊரை வெள்ளம் கொண்ட 1986ஆம் ஆண்டையே அவர் தம் வாழ்வின் எல்லைக் கல்லாகக் கொண்டு, ஏனைய நிகழ்வுகளை அதற்கு முன், பின் என்று கூறுவார். அவருக்குச் சீனி வருத்தம் வந்தது அதற்கு வெகு பின்னர். மாதமொருமுறை பேருந்து ஏறி ஒரு கிளினிக்குக்குச் சென்று குளிசை எடுத்து வருவார். அயல்வீட்டுச் சிங்கள மாது அன்போடு கொடுத்த மரக்குவளை நீரைக் காலையிலும், பரியாரியார் சொன்ன ஆவாரைக் குடிநீரைப் பகலிலும் அருந்துவார். பாகற்சாறு இடையிடையே உண்டு. குளிசைகளோ ஒரு பிஸ்கற் தகரத்திலே மாதக்கணக்காகச் சேர்ந்துகொண்டிருந்தன. மூலிகைகளால் மட்டும் அடங்காத சீனி கிளினிக்கிலே உயர்ந்தே காணப்பட்டது. கொடுத்த குளிசையை உண்டும் சீனி குறையவில்லை என்று கருதிய வைத்தியர், நியாயமாகவே, மாதத்துக்கு மாதம் அளவைக் கூட்டினார். கூட்டிய குளிசையும் தகரத்துக்கே போயிற்று.

கொழும்பிலிருந்து வந்த அவரது மகள் ஒருநாள் அத்தகரத்தைக் கண்டெடுத்தாள். தாயின்மேற் கொண்ட அக்கறையினால், துண்டிலே எழுதியிருந்த முழு அளவையும் தானே கையிற் கொடுத்து விழுங்கச் செய்தாள். குடிநீரையும் சாற்றையும் நிறுத்த வேண்டுமென எவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையிலே பெரியம்மா வியர்த்து நனைந்து, கை நடுங்கி, ஆளை மதிக்காமற் பிதற்றத் தொடங்கினார். பேய்க் குணம் என்றார் ஒருவர். வலிப்பு என்றார் மற்றொருவர். அந்த அயல்வீட்டு மாதுதான் ஓடிவந்து, நிலைமையை உணர்ந்து, கரண்டி கரண்டியாகச் சீனித் தண்ணீர் பருக்கினார். கால்மணி நேரத்திலே பெரியம்மா கண் விழித்து எங்கள் பெயர்களைச் சொன்னார். சீனி கூடுவது நோயென்று அவ்வீட்டார் அறிந்திருந்தனரேயன்றி, சீனி குறைந்தும் உயிர் போகும் என்று அதுவரை எவரும் அறிந்திருக்கவில்லை.

வைத்தியரிடம் மூலிகைகளைப் பற்றி ஏன் கூறவில்லை என்று பின்னர் அவரிடம் கேட்டேன். “டொக்டர் கேக்கவும் இல்ல மகன், நான் சொல்லவும் இல்ல. சொன்னா ஏசுவார் எண்டு பயம். பரியாரியாரிட்டக் குளிசையப் பற்றிச் சொன்னா அவரும் ஏசுவார்” என்றார். அவ்விடையை நான் பலகாலம் எண்ணிப் பார்த்திருக்கின்றேன். இரண்டு மருத்துவங்களும் ஒன்றையொன்று காணாது முகந்திருப்பி நின்றன. இரண்டும் சந்தித்த ஒரே இடம் அந்த முதியவளின் உடலாக இருந்தது.

இத்தகைய நிகழ்வு எங்கள் ஊரிலே மட்டும் நேர்வதன்று. 1979இல் ‘லான்செற்’ என்ற பிரித்தானிய மருத்துவ இதழ், குளோர்புறோபமைட்டு என்ற நீரிழிவுக் குளிசையுடன் பாகற்காய்க் கறியும் உண்ட ஒரு பெண்ணிலே இரண்டின் விளைவும் ஒன்று சேர்ந்ததைச் சுட்டி ஒரு குறிப்பு வெளியிட்டது. பாகலிலே பயனேதுமில்லையெனில் அக்குறிப்புக்கே இடமிருந்திராது. மருந்தாகும் வலிமை உடையது எதுவோ அதற்கே தீங்கு செய்யும் வலிமையும் உண்டு. ‘இயற்கையானது, ஆகையால் பாதகமில்லை’ என்பவர், செடியைப் புகழ்வதாக எண்ணிக்கொண்டு உண்மையில் அதன் வலிமையையே மறுக்கின்றார்.

சிறுநீரகத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். நீரிழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். நட்சத்திரப் பழம் என்றும், சிங்களத்திலே காமரங்கா என்றும் கூறப்படும் புளிப்புக் கனியின் சாறு சீனியைக் குறைக்கும் என்று நாட்டின் பல பாகங்களில் நம்பப்படுகின்றது. அதிலே ஒட்சலேற்று மிகுதி. வெறுவயிற்றிலே அச்சாற்றைப் பெருமளவு அருந்தியோரின் சிறுநீரகம் பழுதுற்ற நிகழ்வுகளை இலங்கை மருத்துவர்களே இதழ்களில் வெளியிட்டுள்ளனர். ஒரு துண்டு பழமாக உண்ணப்படுவதும், ஒரு குவளை சாறாகப் பிழியப்படுவதும் உடலுக்கு ஒன்றல்ல. எமது முன்னோர் கறியாக உண்டதை நாம் குவளையாகக் குடிக்கத் தொடங்கிவிட்டு, அதனை மரபு என்கின்றோம்.

முதலாம் வகை நீரிழிவைப் பொறுத்தவரை ஐயத்துக்கே இடமில்லை. அதிலே சதையி இன்சுலினைச் சுரப்பதை ஏறத்தாழ நிறுத்திவிடுகின்றது. 1921இல் ரொறன்ரோ நகரில் பன்ரிங், பெஸ்ற் ஆகியோரின் முயற்சியால் இன்சுலின் பிரித்தெடுக்கப்படும் வரை, அந்நோய் கண்ட குழந்தைகள் எந்நாட்டிலும் எந்த மூலிகையாலும் பிழைக்கவில்லை. அத்தகைய குழந்தையின் இன்சுலினை நிறுத்திவிட்டுக் குடிநீர் கொடுக்கச் சொல்பவர் எவராயினும், அவர் சொல்வது மருத்துவம் அன்று.

அவ்வாறாயின் நாம் செய்யக்கூடியவை எவை? இம்மலரைப் படிப்போரில் பலர் மருத்துவத்தையோ விஞ்ஞானத்தையோ பயில்பவர். சிலர் அவற்றைப் போதிப்பவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே 1984ஆம் ஆண்டு முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு உண்டு. கந்தளாயிலிருந்து அவ்வளாகம் ஒரு பேருந்துப் பயணத் தூரம். கற்பவரும் நோயாளரும் செடிகளும் ஒரே மாவட்டத்திலே இருக்கின்றனர். இவர்களை ஒன்றிணைக்கும் ஏடொன்று மட்டுமே இல்லை. எந்தப் பரியாரியார் எந்தச் செடியை, எந்தப் பருவத்தில், எவ்வளவு, எவருக்குக் கொடுக்கின்றார் என்று எழுதி, செடியின் மாதிரியைத் தாவரவியலார் முன்வைத்துப் பெயரை உறுதிசெய்து, அதனை அருந்துபவரின் குருதிச் சீனியை மாதாமாதம் குறித்துவர, கோடிக்கணக்கான பணம் வேண்டியதில்லை. நோயாளியின் சம்மதமும் அறநெறிக் குழுவின் அனுமதியும் மாணவரின் விடாமுயற்சியும் வேண்டும். இப்பணி பிந்துமாயின் பரியாரியாரின் மறைவோடு அறிவும் மறையும். கொத்தலா ஹிம்புட்டுப் போன்ற கொடிகள் வேரும் கட்டையுமாக வெட்டப்படுவதால் செடியே மறையவும் கூடும். ஆராய்வதற்கு முன்னரே அழித்துவிட்ட மருந்துக்கு எந்த ஆய்வுகூடத்திலும் மாற்று இல்லை.

மேனாட்டு மருத்துவம் பயில்வோருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியின் துண்டிலே அளவைக் கூட்டி எழுதுமுன், ‘வீட்டிலே வேறு என்ன குடிக்கின்றீர்கள்?’ என்று ஏசாமற் கேளுங்கள். அக்கேள்விக்குச் செலவாவது அரை நிமிடம். சித்த மருத்துவம் பயில்வோருக்கும் அதே வேண்டுகோள்: ‘கிளினிக்கில் என்ன குளிசை தருகின்றார்கள்?’ என்று கேளுங்கள்; அதனை நிறுத்துமாறு ஒருபோதும் சொல்லாதீர்கள். கோவையிலை வறையும் பாகற்காய்க் கறியும் உணவாக எல்லோருக்கும் நல்லவை. சோற்றின் அளவைக் குறைத்துக் கீரையைக் கூட்டிய தட்டு, எந்த மூலிகைப் பொடியையும் விட உறுதியான பயன் தரும். உணவின் எல்லை கடந்து சாறாகவும் பொடியாகவும் அவற்றை அருந்த விரும்புவோர், குருதிச் சீனியை அளந்து பார்த்து, வைத்தியருக்குத் தெரிவித்தே அருந்துதல் வேண்டும்.

ஆவாரையை அளவுகோலின் முன் நிறுத்துவது அதனை அவமதிப்பதாகாது. நாம் பெரிதும் மதிக்கும் மாணவனையே கடினமான தேர்வுக்கு அனுப்புகின்றோம். தேற மாட்டான் என்று முன்கூட்டியே தீர்மானித்தவனையும், தேர்வே வேண்டாத மேதை என்று கொண்டாடப்படுபவனையும் அனுப்புவதில்லை. எங்கள் வேலியோரத்துச் செடிகள் தேர்வுக்குத் தகுதியுள்ளவை என்பதைக் கொழும்பும் காலியும் கியோத்தோவும் காட்டிவிட்டன. அவற்றுட் சில தேறும், சில தவறும், பட்டிப்பூவைப் போல ஒன்றிரண்டு, நாம் கேளாத வினாவுக்கு விடை தரவுங் கூடும். எந்த முடிவு வரினும் அதனை மறையாது எழுதிவைப்பதே கற்றவர் கடமை. ஏனெனில் அம்முடிவுக்காகக் காத்திராமல், இன்று காலையும் கந்தளாயிலே யாரோ ஒருவர் மரக்குவளையைக் கையிலெடுத்திருப்பார்.